அடுத்த வீட்டில் திருட்டா? உள்ளே போகாதீர்கள்!

கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது நம் வழக்கம். அந்த நாட்களில் பூட்டு உடைபட்டால் அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பக்கத்து ஃப்ளாட்காரர்தான். அடுத்த அரைமணியில் எல்லா மாடிக்காரர்களும் அங்கே கூடிவிடுவார்கள். ஒருவர் பீரோவைத் தொட்டுப் பார்ப்பார். இன்னொருவர், பாவம், சிதறிக் கிடக்கும் புடவைகளை மடித்து வைப்பார். போலீஸ் வருவதற்குள் தீர்ப்பும் தயாராகிவிடும்: "வேலைக்காரிதான்!" இல்லாவிட்டால், "வாட்ச்மேனுக்குத் தெரியாமல் நடக்குமா?"

கைரேகை என்பது விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் விட்டுச் செல்லும் தடம். பீரோக் கைப்பிடி, கண்ணாடி, எவர்சில்வர் போன்ற வழவழப்பான பரப்புகளில் நன்றாகப் பதியும்; அதே சுலபத்தில் அழிந்தும் போகும். ஹைதராபாத் போலீஸின் க்ளூஸ் டீம் பொடி தூவித் தேடும்போது, திருடனின் தடத்தின் மேல் நமது தடமும் பதிந்திருந்தால் அதைப் பிரித்தறிவது கடினம். பலர் மிதித்துப் போன இடத்தில் மோப்ப நாய்க்கும் இதே சங்கடம்தான்.

நொய்டாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2008 மே 16 காலை, ஜல்வாயு விஹார் குடியிருப்பில் 13 வயதுச் சிறுமி ஆருஷி தல்வார் தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். உறவினர், அக்கம்பக்கத்தார், பத்திரிகைக்காரர் என்று பலரும் வீட்டுக்குள் நடமாடினர்; போலீஸ் தடுக்கவில்லை. வீட்டுப் பணியாளர் ஹேம்ராஜைக் காணவில்லை. ஆகவே அவர்தான் கொலைகாரர் என்று போலீஸும் சந்தேகித்தது, ஊரும் பேசியது. மறுநாள் மொட்டைமாடிக் கதவின் பூட்டை உடைத்துப் பார்த்தால், அங்கே ஹேம்ராஜின் உடல்! கீழே எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மாடியில் பிணமாகக் கிடந்திருக்கிறார்.

அந்த வழக்கின் தடயங்கள் நம் ஊருக்கும் வந்தன. இப்போது உப்பலில் இயங்கும் மத்திய அரசின் டி.என்.ஏ. ஆய்வு மையம் 2008 நவம்பரில் ஓர் அறிக்கை தந்தது. வேறொரு பணியாளரின் அறையில் எடுத்த தலையணை உறையில் ஹேம்ராஜின் ரத்தம் இருந்ததாக அதில் கண்டிருந்தது. தட்டச்சில் பொருள்களின் விவரம் இடம் மாறிவிட்டது என்று 2011-இல் அதே மையம் விளக்கம் எழுதியது. நிபுணர்களின் காகிதத்திலேயே இப்படி என்றால், படிக்கட்டுப் பேச்சை என்ன சொல்ல? 2013-இல் ஆயுள் தண்டனை பெற்ற பெற்றோரை 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

ஆகவே, உடைந்த கதவைக் கண்டால் உள்ளே யாரும் அடிபட்டுக் கிடக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பிறகு வெளியே நின்று 100-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். கண்ணால் கண்டதை, மணியோடு, அன்றே ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது. நான்கு பேரிடம் பேசிய பிறகு எது நாம் பார்த்தது, எது பிறர் சொன்னது என்பது நமக்கே குழம்பிவிடும். பிறர் சொல்லக் கேட்டது பொதுவாகக் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. ஆனால் வேலைக்காரம்மாவின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தத் தெருவில் அவருக்கு நாலு வீட்டு வேலையும் போய்விடும்.

போலீஸார் விசாரித்தால் நமது வாக்குமூலத்தைத் தெலுங்கில் எழுதிக்கொள்ளலாம். படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் கையெழுத்திடத் தேவையில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பஞ்சநாமாவுக்குச் சாட்சியாக நின்றால் மட்டும் கையெழுத்து உண்டு. அங்கே எந்தப் பொருளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை வரிக்கு வரி சரிபார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.