படம் திறக்கவில்லை என்றால் விலையும் தெரியாது! விளம்பர இமெயில் அனுப்பும் சிறு வியாபாரிகள் கவனத்துக்கு...

தை மாதம் வந்தால், திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டியின் போட்டோ செய்திகளில் இடம்பிடிக்கும். சோலைமலை அழகர் பெருமாள் கோயில் விழாவில், நேர்த்திக்கடனாக வாழைப்பழங்களைச் சூறைவிடும் காட்சி அது. அந்தரத்தில் பறக்கும் பழங்கள், கீழே அவற்றைப் பிடிக்க உயரும் கைகள். ஊர்ப்பெயர் தெரியாதவருக்கும் பார்த்த நொடியில் விஷயம் புரிந்துவிடும்.

படத்துக்கு இருக்கும் இந்தப் பலத்தை நம்பித்தான், சேலை முதல் பூட்டு வரை விற்பவர்கள் விளம்பர இமெயிலில் படங்களை நிரப்புகிறார்கள். ஆனால், பேப்பரில் அச்சான படம் எல்லோர் கண்ணிலும் படும். இமெயிலில் அப்படி இல்லை.

ஏன் படம் தெரிவதில்லை?

1992 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் நதானியேல் போரன்ஸ்டீன், தன் பாட்டுக் குழுவின் போட்டோவையும் பாடலையும் இமெயிலில் இணைத்து அனுப்பினார். இன்றைய அட்டாச்மென்ட்டுக்கு அதுதான் தொடக்கம். ஆனால், விளம்பர மெயிலின் படங்கள் பெரும்பாலும் வேறொரு சர்வரில் இருக்கும். மெயிலைத் திறக்கும்போதுதான் அவை இறங்கும். அப்படி இறங்கினால், நீங்கள் மெயிலைத் திறந்த விஷயம் அனுப்பியவருக்குத் தெரிந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் சில மெயில் ஆப்கள் படங்களைத் தடுத்துவைக்கின்றன. ஜிமெயில் 2013 டிசம்பரில் படங்களைத் தானாகவே காட்டத் தொடங்கியது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும் அவுட்லுக்கோ, பல நேரங்களில் உங்கள் அனுமதி கேட்டுத்தான் காட்டும்.

சின்னாளபட்டி சுங்குடி சேலைக்குத் தீபாவளித் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். விலை, கடைசித் தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே போஸ்டராக்கி அனுப்பினால், படம் திறக்காதவருக்கு வெறும் கட்டம்தான் தெரியும். சேலை வாங்க நினைத்திருந்தவர்கூட மெயிலை டெலிட் செய்துவிடுவார். பண்டிகைக்கால ஆர்டர் ஒன்று அப்படியே போய்விடும்.

என்ன செய்யலாம்?

* விலை, தேதி, போன் நம்பரைப் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாக டைப் செய்யுங்கள்.

* ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட் டெக்ஸ்ட்' கொடுங்கள். படம் வராத இடத்தில் பெரும்பாலும் அந்த வரி தெரியும். பார்வையற்றவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் அதை வாசித்துக் காட்டும். 'படம் 1' என்று எழுதுவதைவிட, 'சிவப்பு நிறச் சுங்குடி சேலை, மஞ்சள் பார்டர்' என்று எழுதினால் பயன் உண்டு.

* போன் கேமராவில் எடுத்த போட்டோ சில எம்.பி. இருக்கும். அகலத்தைக் குறைத்து, சில நூறு கே.பி.க்குள் சுருக்குங்கள். சிக்னல் குறைந்த ஊரிலும் சீக்கிரம் திறக்கும்.

* இணையத்தில் கிடைக்கும் அழகான படத்தைவிட, உங்கள் பொருளின் போட்டோவே மேல். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை விற்கிறீர்களா? அதைக் கையில் வைத்தபடி எடுங்கள், அளவு புரியும்.

* சேலையைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபில்டர் போட்டு நிறத்தைக் கூட்டினால், வீட்டுக்கு வந்த சேலை வேறு நிறத்தில் இருக்கும். அது திரும்பி வரும். அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

* நான்கைந்து படங்களைத் திணிப்பதைவிட, நல்ல படம் ஒன்று போதும். அதைத் தொட்டால் நேராக அந்தப் பொருளின் பக்கம் திறக்கட்டும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

மெயிலை முதலில் உங்களுக்கே அனுப்புங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில், படங்களைக் காட்டும் முன் அனுமதி கேட்கும் வசதியைத் தேர்வு செய்துவிட்டுத் திறந்து பாருங்கள். என்ன பொருள், என்ன விலை, யாரைக் கூப்பிட வேண்டும் - இந்த மூன்றும் படம் இல்லாமலே புரிந்தால், தைரியமாக அனுப்பலாம்.