பழைய காற்றாலை, நாண்டக்கெட்

1746-இல் நேத்தன் வில்பர் கட்டிய ஆலை இது. மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பாலுள்ள இத்தீவில் ஒரு காலத்தில் பல காற்றாலைகள் சுழன்றன. இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே.

கூரையிலிருந்து தரைவரை சரிந்து இறங்கும் நீண்ட மரத்தண்டைப் பாருங்கள். அதன் நுனியில் ஒரு வண்டிச் சக்கரம். காற்று திசை மாறினால், ஆலைக்காரர் இதை உருட்டி உச்சிக் கூரையை இறக்கைகளோடு சேர்த்துக் காற்றின் பக்கம் திருப்புவார். இறக்கைச் சட்டங்களில் பாய்த்துணி விரித்ததும் சுழற்சி தொடங்கும்; மரப் பற்சக்கரங்கள் அதை உள்ளே அரைகல்லுக்குக் கொண்டுசெல்லும். அரைபடுவது மக்காச்சோளம்.

திமிங்கில வேட்டையால் செழித்த தீவு, அத்தொழில் நொடித்ததும் களையிழந்தது. 1897-இல் ஆலை ஏலத்துக்கு வந்தது.

885 டாலருக்கு அதை எடுத்தது, 1894-இல் தொடங்கப்பட்ட நாண்டக்கெட் வரலாற்றுச் சங்கம். 1686-இல் கட்டிய ஜெத்ரோ காஃபின் வீடும் அதன் பராமரிப்பில்தான். 1846 பெருந்தீயில் ஊர் எரிந்த மறு ஆண்டு எழுந்த மெழுகுவர்த்தித் தொழிற்சாலையை, 1930-இல் திமிங்கில வேட்டை அருங்காட்சியகமாக்கியதும் இச்சங்கமே.

இறக்கைகள் சுழலும்போது அவற்றின் அருகே செல்லாதீர்கள்.