விளக்கு எரியும்போதே இருள்

இருதயக் குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராம் முடிந்து, நோயாளி படுக்கைக்குத் திரும்புகிறார். சற்று நேரத்தில், "விளக்கை ஏன் அணைத்தீர்கள்?" என்று கேட்கிறார். விளக்கோ எரிந்துகொண்டிருக்கிறது! அருகில் அமர்ந்திருக்கும் நாம் அப்போது என்ன செய்வோம்?

மிக அரிதாகவே இவ்வாறு நேரிடும். எனினும் நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

"டை" என்று நாம் அழைக்கும் மருந்து உண்மையில் சாயமன்று. அயோடின் அடங்கிய தெளிந்த திரவம். எக்ஸ் கதிர்களை அது தடுப்பதால் இரத்தக் குழாய்கள் படத்தில் துலங்குகின்றன. 1927-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் மருத்துவர் எகாஸ் மோனிஸ் மூளைக் குழாய்களை இவ்வழியே படம்பிடித்தார். முதலில் அவர் பயன்படுத்திய ஸ்ட்ரான்சியம் புரோமைடு கரைசலுக்குப் பின் நோயாளி ஒருவர் இறக்கவே, சோடியம் அயோடைடுக்கு மாறினார். இன்றைய மருந்துகள் அவற்றினும் மிகப் பாதுகாப்பானவை.

ஆயினும், மூளையைக் காக்கும் இயற்கைத் தடுப்பைக் கடந்து இம்மருந்து சிறிது உட்புகுந்துவிடுவதுண்டு. அப்போது தலைவலி, மனக்குழப்பம், வலிப்பு, கைகால் தளர்ச்சி, பார்வையிழப்பு ஆகியவை தோன்றலாம். ஆஞ்சியோகிராமுக்குப் பின் நேர்ந்த தற்காலிகப் பார்வையிழப்பை மருத்துவர்கள் 1970-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளனர். இதில் பழுதடைவது கண்ணன்று. மூளையின் பின்புறமுள்ள பார்வைப் பகுதியே. ஆதலால் ஒளி பட்டால் கண்மணி சுருங்கும். நோயாளிக்கோ ஒன்றும் புலப்படாது.

பெரும்பாலோர்க்குச் சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாட்களிலோ பார்வை முற்றிலும் திரும்பிவிடுகிறது. ஆனால் மூளைக் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலும் இதே அறிகுறிகளே தோன்றும். எது காரணம் என்று ஸ்கேன் எடுத்து மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று நாம் காத்திருத்தல் ஆகாது. அக்கணமே செவிலியரை அழைத்தல் வேண்டும்.

பரிசோதனைக்கு முன்னரும் நமக்குக் கடமையுண்டு. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, முன்பு இம்மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகிய எதனையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவோம். அதே வேளையில், அரிய ஒரு தீங்கை எண்ணித் தேவையான பரிசோதனையை மறுப்பதும் விவேகமன்று. உயிர் இறைவன் தந்த கொடை. அதனைக் காப்பதும் நம் கடமையே.

நோயாளரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றெனத் திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. படுக்கையருகே செபமாலையுடன் அமர்ந்திருப்போர், நோயாளியின் சொல்லுக்குச் செவிகொடுத்து விழித்திருப்பதும் அவ்விரக்கத்தின் ஒரு பகுதியே. "எனக்குத் தெரியவில்லை" என்று இருளில் ஒருவர் கூறும்போது, அவரது கரத்தைப் பற்றிக்கொண்டே உதவியை அழைப்போமாக.