அளவா வா!

மேகம் பார்க்கிற வியாதி எனக்கு பி.காம். படிக்கும்போதே உண்டு. கரும்பலகையில் பேலன்ஸ் ஷீட் ஓடும். நான் ஜன்னல் வழியே யானை, ஒட்டகம் எண்ணிக்கொண்டிருப்பேன்.

மேகங்களுக்குப் பெயர் வைத்தவரும் நம்ம கட்சிதான். லூக் ஹோவர்ட், லண்டனில் மருந்து வியாபாரி. 1802-ல் அவர் வைத்த குமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், சிர்ரஸ் என்கிற பெயர்கள்தான் இன்றும். பஞ்சுப்பொதி மாதிரி சாதுவாக மிதக்கிறதே குமுலஸ், அதில் ஒரு கன கிலோமீட்டருக்கு சுமார் 500 டன் தண்ணீர்!

அந்தக் கனம் 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி புரிந்தது. சென்னையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம். அதற்கப்புறம் வானம் லேசாகக் கறுத்தால் போதும், அம்மா ரேஷன் கார்டைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிடுவாள். என் மேகப் பேச்சுக்கும் வீட்டில் தடை.

2019 ஜூன். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு க்யூ. ஒரு சாயங்காலம் வானம் இருட்டியது. பரணைப் பார்த்தேன், கார்டு இல்லை. அம்மாவையும் காணோம்.

மொட்டை மாடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். "வாடாப்பா... இந்தத் தடவை அளவா வா!"

பி.காம். படித்தது நான். பட்ஜெட் போட்டது அம்மா.