இரண்டு நிமிட வானவழி

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று நாம் தொடக்க வகுப்புகளிலேயே கற்பிக்கின்றோம். கணக்கு சரியானதே. ஆயினும், மக்கள் செல்லும் வழியை முடிவு செய்வது இக்கணக்கு ஒன்றுதானா? உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. அதன் வடபகுதியில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என இரு தீவுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முன்னதில் 588 பேரும் பின்னதில் 90 பேருமே வாழ்ந்தனர். இரண்டிலும் சிறு விமான நிலையங்கள் உண்டு. இடைத்தூரம் 2.7 கிலோமீட்டர். சிங்கப்பூர்ச் சாங்கி நிலையத்தின் ஓடுபாதையே 4 கிலோமீட்டர் நீளமுடையது என்றால், இவ்வழியின் குறுமை விளங்கும்.

1967ஆம் ஆண்டு முதல் லோகன்ஏர் நிறுவனம் இச்சேவையை நடத்தி வருகிறது. எட்டுப் பயணிகள் அமரும் ஐலண்டர் விமானம் நடுவானில் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் பறக்க வல்லது. கணக்கின்படி 40 விநாடி போதும். அட்டவணையோ இரண்டு நிமிடம் என்கிறது. அதாவது, சராசரி வேகம் மணிக்கு 81 கிலோமீட்டர். நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகந்தான்! காற்று துணை நின்ற ஒருநாள் 53 விநாடியில் கடந்ததே மிக விரைவான பயணம்.

இவ்வேறுபாடு ஏன்? விமானம் ஓடுபாதையில் ஊர்ந்து, எழுந்து, உடனே இறங்கத் தொடங்கிவிடுகிறது. முழு வேகத்தை எட்ட இடமில்லை. மேலும், விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். காற்றின் திசை மாறினால் சுற்றிவர நேரிடும்.

சரி, படகில் 25 நிமிடத்தில் கடக்கக்கூடிய நீரிணைக்கு விமானம் எதற்கு? இரு புள்ளிகளை மட்டும் நோக்கினால் இது வேடிக்கையாகவே தோன்றும். மூன்றாவது புள்ளியையும் நோக்க வேண்டும். அதுவே ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வால். பெரிய மருத்துவமனையும் மேல்நிலைக் கல்வியும் அங்குள்ளன. வெஸ்ட்ரேயிலிருந்து அங்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகும். விமானத்தில் கால்மணி அளவே. கிர்க்வாலிலிருந்து புறப்படும் ஒரே விமானம் இரு தீவுகளையும் தொட்டுத் திரும்புகிறது. அச்சுற்றின் ஒரு கண்ணியே இந்த இரண்டு நிமிடப் பயணம். ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் இதில் செல்கின்றனர். 90 பேர் வாழும் தீவில் குடிகள் நிலைத்திருக்க இத்தகைய தொடர்பு இன்றியமையாதது அன்றோ?

எனவே, இக்கணக்கை வகுப்பில் கற்பிக்கும்போது இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்பது நன்று: இடையில் என்ன இருக்கிறது? அவ்வழி எங்கே கொண்டு சேர்க்கிறது? ஆற்றின் அக்கரையில் பள்ளி கண்ணுக்குத் தெரியலாம். பாலமோ ஐந்து மைலுக்கு அப்பால் இருந்தால், அக்குழந்தைக்குப் பள்ளி தொலைவுதான். அளவுகோல் நிலத்தை அளக்கும். வாழ்க்கைக்கு எது அண்மை, எது சேய்மை என்பதைச் சிந்தித்தே அறிதல் வேண்டும். அச்சிந்தனையைத் தூண்டும் கணக்கே மாணவர் மனத்தில் நிலைக்கும்.