கைபேசியும் கைக்கடிகாரமும் உரைக்கும் சர்க்கரை அளவு

நீரிழிவு பட்டணத்துச் செல்வர்க்கே உரிய நோய் என்று எண்ணிய காலம் கழிந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டெனக் கணித்தது. பெரியபாளையத்துத் தறிக்குழியில் அமர்வோரும், கழனியில் உழைப்போரும், கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு இரவு வேலைக்குச் செல்வோரும் இதற்கு விலக்கல்லர்.

இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குச் சர்க்கரை ஏறுவதைவிடத் திடீரெனத் தாழ்வதே உடனடி ஆபத்து. ஆதலால் மருத்துவர் சிலருக்குப் புயத்தில் ஒட்டும் உணரியைப் பரிந்துரைப்பதுண்டு. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் போதுமானவர்கள் சில ஆயிரம் ரூபாய் செலவிட்டு இதனை வாங்குமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்னும் உணரி 14 நாள் உழைப்பது. மயிரிழை போன்ற அதன் முனை, தோலுக்கடியிலுள்ள திசு நீரில் சர்க்கரையை அளக்கிறது, இரத்தத்தில் அன்று. எனவே உணவுக்குப் பின்னும் கடும் உழைப்பின்போதும் அது காட்டும் அளவு சில நிமிடம் பின்தங்கும். உடல் வியர்த்து நடுங்குகையில் கருவி நல்ல அளவைக் காட்டினால், விரலில் குத்திச் சோதித்தல் வேண்டும்.

உணரியை வாங்குமுன், நம் கைபேசி அதற்கு ஏற்றதா என்பதை உற்பத்தியாளரின் பட்டியலில் பார்த்துக்கொள்க. பின்னர் அவர்களுடைய செயலியை நிறுவி, கைபேசியை உணரியருகே பிடித்தால் இணைப்பு உண்டாகும்; முதல் அளவு தெரிய ஒரு மணி நேரம் ஆகும். பழைய வகையில் ஒவ்வொரு முறையும் கைபேசியைக் காட்டியே அளவறிய வேண்டும். புதிய வகை புளூடூத் வழியே தானே செய்தி அனுப்பி, அளவு தாழ்ந்தால் எச்சரிக்கும். ஆயினும் அதன் எட்டம் சுமார் 6 மீட்டரே. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கழனிக்குச் சென்றவருக்கு எச்சரிக்கை கிட்டாது. திரும்பி வந்தபின் விடுபட்ட அளவுகள் கிடைக்கலாம். கடந்துபோன எச்சரிக்கையால் பயனென்ன?

கைக்கடிகாரம் பெரும்பாலும் கைபேசிக்கு வந்த அறிவிப்பையே எடுத்துரைக்கிறது. டெக்ஸ்காம் ஜி7 உணரி ஆப்பிள் கடிகாரத்தோடு நேரே பேசும் வசதி 2024-இல் அமெரிக்காவில் வந்தது, அது விதிவிலக்கு. தறியோசையில் மணி கேளாத நெசவாளருக்கு மணிக்கட்டின் அதிர்வு பேருதவியே. அதற்குச் செயலியின் அறிவிப்புகள் கடிகாரத்துக்குச் செல்லக் கைபேசி அமைப்பில் அனுமதி தந்திருத்தல் வேண்டும்.

தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளப்பதாகக் கூறி விற்கும் கடிகாரங்களும் மோதிரங்களும் வேறு. அவற்றுள் எதற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்றும், அவற்றை நம்பலாகாது என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மலிவு கண்டு மயங்கி அவற்றின் கணக்கில் இன்சுலின் போட்டால் உயிருக்கே கேடு.

அந்நிர்வாகமே 2025 பிப்ரவரியில் மற்றொன்றையும் அறிவித்தது: கைபேசியின் அமைப்புகளால் சர்க்கரை எச்சரிக்கைகள் தவறிப்போகின்றன. ஒலியை அடக்கி வைத்தல், மென்பொருள் புதுப்பிப்பு, புதிதாகக் காதொலிக் கருவியை இணைத்தல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பாட்டுக் கேட்கும் கருவியைப் பையில் போட்டுவிட்டால், மணி அப்பையினுள்ளேயே ஒலித்து அடங்கக்கூடும்! ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் எச்சரிக்கை அமைப்பைச் சரிபார்த்துக்கொள்க.

அளவு 70-க்குக் கீழே சென்றால், விழுங்கக்கூடிய நிலையிலிருப்பவர் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108-ஐ அழைக்க. உணரியுள்ள கையை அழுத்திப் படுத்தால் அளவு பொய்யாகத் தாழ்ந்து காட்டுவதும் உண்டு. ஆகவே உறங்குமிடத்தருகே விரற்சோதனைக் கருவியும் இருக்கட்டும்.