மழையைப் பேரேட்டுக்கு யார் சொல்வது?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாட்காலை 8.30 மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் புதுவை நகரில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. வடமேற்கே மயிலத்தில் அது 50 சென்டிமீட்டர் அளவை எட்டியது. சாரத்தில் குடியிருந்து பாகூர்க் கொம்யூனில் நிலம் வைத்திருப்போர் நம் அங்கத்தினருள் உண்டு. அவர்தம் கழனியில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பதை எந்த மானியும் அளக்கவில்லை. நட்ட ஈடு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் எழும் வழக்கும் இதுவே.

அண்மைக் காலத்தில் 'பிளாக்செயின்' என்னும் சொல் நம்மிடையேயும் புழங்கத் தொடங்கியுள்ளது. சங்கிலிப் பேரேடு என்று அதனைக் கூறலாம். ஒரே கணக்கின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கும். ஒருவர் தம் படியைத் திருத்தினால் ஏனைய படிகள் அதனை ஒப்பா. 2009-இல் பிட்காயின் நாணயத்தோடு இம்முறை நடைமுறைக்கு வந்தது. 2015-இல் தொடங்கிய எத்தீரியம் என்னும் பேரேட்டில், கணக்கை எழுதுவதோடு ஒப்பந்தத்தையும் எழுதி வைக்கலாம். 'இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் இன்னாருக்கு இவ்வளவு தொகை' என்று எழுதிவிட்டால், அந்த அளவு வந்தவுடன் பணம் தானே சென்று சேரும். மனு இல்லை, மேலதிகாரியின் கையொப்பத்திற்குக் காத்திருத்தல் இல்லை.

கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பேரேட்டுக்குக் கண் இல்லை. மழை பெய்ததா, நூல் விலை ஏறியதா என்பன அதற்குத் தெரியா. அதுவே வானிலை நிலையத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாகாதா எனின், ஆகாது. எல்லாக் கணிப்பொறிகளும் அதே கணக்கைத் தனித்தனியே போட்டு ஒரே விடைக்கு வரவேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. ஒன்று காலையிலும் மற்றொன்று மாலையிலும் வெளியே சென்று கேட்டால் விடைகள் வேறுபடும், பேரேடு சிதறிப்போகும். ஆகவே வெளியுலகச் செய்தியை ஒருவர் உள்ளே கொண்டுவந்து, எல்லாப் படிகளும் காணுமாறு பதிவு செய்தாக வேண்டும். இவ்வாறு செய்தி கொணர்வோருக்கு 'ஆரக்கிள்' என்று பெயரிட்டுள்ளனர். பண்டைக் கிரேக்கர் தெய்வத்தின் வாயாகக் கருதிய குறிசொல்வோருக்கு வழங்கிய பெயர் அது. பெயர் வைத்தவர்கள் சற்றுத் துணிவுடையோரே!

நம் ஊரில் இதற்கு அயலான எடுத்துக்காட்டு தேடவேண்டுவதில்லை. பிரெஞ்சுச் சட்டமுறையில் நொத்தேர் எழுதும் கிரயத்தின் மூலப்படி அவரிடமே இருக்கும். நமக்குக் கிடைப்பது நகல். பின்னால் ஒருவரும் அதனைத் திருத்த இயலாது. ஆயினும் நிலத்தின் எல்லையைத் தவறாகச் சொல்லி எழுதுவித்தால், அந்தத் தவறும் திருத்த இயலாததாய் அங்கே நிலைத்திருக்கும்.

கொணர்பவர் ஒருவராயின், அவரை விலைக்கு வாங்கினால் ஒப்பந்தத்தையே வாங்கியதாகும். எனவே பலரைக் கேட்கும் முறை வந்தது. 2017-இல் திட்டம் வெளியிட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த செயின்லிங்க் இவ்வகையில் பெயர் பெற்றது. ஐவர் மழையளவு சொல்கின்றனர் என்று கொள்வோம்: 45, 46, 46, 47, 4600. இவற்றின் சராசரி 956-க்கு மேல் வரும், அது பயனற்றது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 46. பொய்யரோ கைதவறியவரோ ஒருவர் இருவர் இருந்தாலும் நடு எண் அசைவதில்லை. ஈட்டுத்தொகை கட்டச் செய்து, தவறினால் அதனைப் பறிமுதல் செய்யும் ஏற்பாடும் சிலவற்றில் உண்டு.

இம்முறை தோன்றியது வீணன்று. 2019 ஜூன் மாதத்தில் சிந்தெடிக்ஸ் என்னும் திட்டத்தில் கொரிய நாணயத்தின் மதிப்பு ஆயிரம் மடங்காகத் தவறிப் பதிவாயிற்று. தானியங்கி வணிகப்பொறி ஒன்று அதனைக் கண்டு, ஏட்டளவில் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட ஆதாயத்தைச் சேர்த்துக்கொண்டது. அதன் உரிமையாளர் பேச்சுவார்த்தைக்கு இணங்கித் திருப்பித் தந்ததால் அத்திட்டம் பிழைத்தது.

எனினும் பலரைக் கேட்பது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. 2022 அக்டோபரில் மாங்கோ மார்க்கெட்ஸ் என்னுமிடத்தில் ஒருவர் கொடுக்கல் வாங்கல் மிகக் குறைந்த ஒரு நாணயத்தைத் தாமே வாங்கி விலையை ஏற்றினார். செய்தி கொணர்ந்தோர் சந்தையில் நின்ற விலையைத்தான் சொன்னார்கள். அந்த ஏறிய மதிப்பை ஈடு காட்டி அவர் பத்துக் கோடி டாலருக்கு மேல் எடுத்துச் சென்றார். இரண்டே வியாபாரிகள் வரும் ஏலத்தில் கடலைக்குக் கட்டிய விலையை 'சந்தை விலை' என்று ஏற்கவேண்டிய நிலைக்கு வந்த உழவர் இதனை எளிதில் உணர்வார்.

மழைக்கும் இதே கதிதான். ஐவரும் ஒரே மானியைப் பார்த்துவந்து சொன்னால் சாட்சி ஐந்தல்ல, ஒன்றே. அந்த மானியும் நம் வயலுக்கு இருபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், கொணர்வோர் அனைவரும் நேர்மையாளராயினும் உழவர் ஏமாறுவார்.

மழைமானியை நம்பிய காப்பீடு நம் நாட்டுக்குப் புதிதன்று. 2003-இல் அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் கடலை, ஆமணக்கு பயிரிடுவோர்க்காக அது சோதிக்கப்பட்டது. சங்கிலிப் பேரேட்டில் அதனை ஏற்றியதை நமக்கு அண்மையில் இலங்கையிலே காண்கிறோம். 2019-இல் ஆக்ஸ்பாம், ஏயான், ஈதெரிஸ்க் ஆகியன சேர்ந்து சிறு நெல் உழவர்க்கு அத்தகைய காப்புறுதியைத் தொடங்கின. முதற்கட்டத்தில் சேர்ந்தோர் ஏறக்குறைய 200 பேர். உள்நாட்டில் துணை நின்றது, சணச என்னும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவு இயக்கத்தினின்று தோன்றிய காப்புறுதி நிறுவனம். உழவரை அறிந்த கூட்டுறவின் துணை அங்கே தேவைப்பட்டதைக் கவனிக்க வேண்டும்.

நெசவாளர்க்கும் இதில் பங்கு உண்டு. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. துணியின் பிறப்பிடத்தைச் சங்கிலிப் பேரேட்டில் காட்டுவதாக ஒரு வணிகர் முன்வந்தால், பாவு கைத்தறியில் ஏறியதா விசைத்தறியில் ஏறியதா என்பதை எவர் கண்டு எழுதுவார்? கூலிக்கு அமர்த்திய ஒருவர் எழுதினால், விசைத்தறித் துணியும் அழியாத சான்றிதழோடு கடைக்குச் செல்லும். தறிக்கொட்டகைக்குள் சென்று பார்க்கும் உரிமையும் பார்த்ததைப் பதியும் பொறுப்பும் சங்கத்திடம் இருத்தல் நலம் என்பது எம் கருத்து.

இத்தகைய ஒப்பந்தத்தோடு எவரேனும் சங்கத்தை நாடினால், எந்த மானி, எங்கே உள்ளது, சாவி எவரிடம், எத்தனை மானிகள் ஒத்துவர வேண்டும், பிழையெனில் யாரிடம் முறையிடுவது என்று செயற்குழுவினர் கேட்க வேண்டும். தானே பணம் தரும் ஒப்பந்தம் தானே மறுக்கவும் செய்யும். அப்போது மனு வாங்க அங்கே ஆள் இராது.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: 'ஒரு நாள்' என்பது எது? நம் வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாட்காலை 8.30 வரை. ஒப்பந்தம் எழுதியவர் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எண்ணினால், ஃபெஞ்சல் புயலின் மழை இரு நாட்களுக்குப் பிரிந்துபோகும். ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் என்று எல்லை வகுத்திருந்தால், இரு நாளிலும் எல்லை எட்டாமற் போகலாம். கழனி மூழ்கிக் கிடக்கப் பேரேடு ஒரு காசும் தராது.